பிடிக்கத் தெரியணும்: வெலிமடையில் இருந்து ஒரு கொலெட் வரலாறு

ஒரு தண்ணீர் பம்பின் ஷாஃப்டில் இருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. போஞ்சிக்கும் கோவாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் ஓடையில் இருந்து தண்ணீர் ஏற்றுகிற பம்ப் நின்றால், அன்றைக்கு வேலையும் நின்றது. அப்படி நின்ற ஒரு பம்பின் ஷாஃப்டைத்தான் நாங்கள் செய்து தருகிறோம் என்று வாங்கிக்கொண்டு வந்தோம். நாங்கள் நான்கு பேர். எல்லோரும் காசு போட்டு, கைமாறி வந்த ஒரு சின்ன லேத்தை வாங்கியிருந்தோம். மேசையில் வைக்கிற சீனத்து லேத். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். நண்பர் வீட்டில் உரமூட்டை வைக்கிற அறைதான் பட்டறை.

ஷாஃப்டை லேத்தின் சக்கில் பிடித்து ஒரு முனையைக் கடைந்தோம். அளவு சரி. திருப்பிப் பிடித்து மறுமுனையைக் கடைந்தோம். அதுவும் சரி. பெயாரிங் இரண்டு பக்கமும் அழகாக ஏறியது. பம்பில் பூட்டி ஓடவிட்டால் முழுப் பம்பும் நடுங்குகிறது. புது சீல் பத்து நிமிடத்தில் போய்விட்டது. இரண்டு முனையும் தனித்தனியே வட்டம்தான், ஆனால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை.

எங்களில் ஒருத்தியின் தாத்தா தோட்டத்து ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தவர். (வெளியூர்க்காரர்களுக்காக: தேயிலை ஃபெக்டரியைத்தான் எங்கள் மலையில் ஸ்டோர் என்கிறோம்.) ஷாஃப்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “வெட்டுறது பெரிய வேலை இல்ல புள்ள. பிடிக்கிறதுதான் வேலை.”

பிடிப்பது என்றால் கொலெட் வாங்கணும் என்று எங்களில் ஒருவர் முடிவே செய்துவிட்டார். எந்தக் கொலெட் என்பதில் நான்கு பேருக்கும் நான்கு கருத்து. தேடப் போனோம். விலைப்பட்டியலில் தொடங்கிய தேடல் வரலாற்றில் போய் நின்றது. பல வகைக் கொலெட்டுகள் இருப்பதற்குக் காரணம், அவை பல வகை வேலைகளுக்காகப் பிறந்தவை என்பதுதான். அந்தக் கதை தெரியாமல் வாங்கினால், வேறொருவருடைய வேலைக்கான சாமானை நம் காசில் வாங்குகிறோம்.

கடைதல் என்ற சொல்

தமிழில் தயிர் கடைவதற்கும் மரம், உலோகம் கடைவதற்கும் ஒரே சொல்தான். காரணம் சுலபம். மத்தில் கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுத்தால் மத்து சுழல்கிறது. பழைய கடைசல்காரர்களும் அதையே செய்தார்கள். கட்டையை இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே நிறுத்தி, அதில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுக்க, இன்னொருவர் உளி பிடிப்பார். ஐரோப்பாவில் கடிகாரம் செய்தவர்கள் கயிற்றுக்குப் பதிலாகக் கையில் ஒரு சின்ன வில்லை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்தார்கள்.

இந்த முறையில் ஒரு பெரிய நன்மை உண்டு. சாமானை யாரும் இறுக்கிப் பிடிக்கவில்லை. அதன் இரண்டு முனையிலும் உள்ள சின்னக் குழிகளில்தான் அது நிற்கிறது. கழற்றி, திருப்பி, மறுபடி வைத்தாலும் அதே இரண்டு குழி, அதே நேர்கோடு. எங்கள் பம்ப் ஷாஃப்டை இப்படித்தான் கடைந்திருக்கவேணும் என்று தாத்தா சொன்னார். கொலெட் தேடிப் போன எங்களுக்குக் கிடைத்த முதல் பாடம், கெட்டுப்போன அந்த வேலைக்குக் கொலெட்டே தேவையில்லை என்பதுதான்! கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் கூர்முனை முறையால் எல்லாம் முடியாது. முனையில் துளை போடணும் என்றால் அங்கே கூர்முனை நிற்கிறது. சின்ன புஷ், சின்னத் திருகு, அரை அங்குல நீளத்தில் ஒரு பின் என்றால் இரண்டு பக்கமும் நிறுத்த இடமில்லை. ஒரு பக்கம் மட்டும் பிடித்துச் சுழற்ற ஒரு கை வேணும். அந்தக் கைதான் சக்.

இன்றைக்கு எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் காண்கிற மூன்று தாடைச் சக்கின் உள்ளே ஒரு சுருள் தட்டு இருக்கிறது. சாவியைத் திருப்பினால் மூன்று தாடையும் ஒன்றாக உள்ளே வரும். அமெரிக்காவில் சைமன் ஃபெயார்மன் என்பவர் 1830இல் இந்தச் சுருளுக்குக் காப்புரிமை வாங்கினார். வேகமான பிடி, ஆனால் சுருள் தேயத் தேய நடு விலகும். சாதாரணமாக ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஐந்து முதல் பத்துப் பங்கு வரை ஆட்டம் இருக்கும். நான்கு தாடைச் சக் வேறு மாதிரி. ஒவ்வொரு தாடைக்கும் தனித் திருகு. நடுவைக் கண்டுபிடிக்க டயல் கேஜ் வைத்து மெதுவாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கணும். நேரம் எடுக்கும், ஆனால் பொறுமை இருந்தால் ஊசி அசையாத அளவுக்குக் கொண்டுவரலாம். கோணல் மாணலான சாமானையும் அது பிடிக்கும்.

கொலெட் மூன்றாவது வழி. லெட் போட்டு எழுதுகிற பென்சிலின் நுனியைக் கழற்றிப் பார்த்திருந்தால் நீங்கள் கொலெட்டைப் பார்த்தாச்சு. பிளவுபட்ட ஒரு சின்னப் பித்தளைக் குழாய். அதை ஒரு வளையத்துக்குள் இழுத்தால் பிளவுகள் நெருங்கி லெட்டைச் சுற்றிலும் பிடிக்கும். லேத் கொலெட்டும் அதேதான். உருக்குக் குழாய், வெளியே கூம்பு, பக்கத்தில் பிளவுகள். கூம்புக்குள் தள்ளினால் எல்லாப் பக்கமும் சமமாக இறுகும். தாடைகளின் தழும்பு சாமானில் விழாது. கழற்றி மறுபடி போட்டாலும் ஏறக்குறைய அதே நடு. கொலெட் என்ற சொல்லே பிரெஞ்சில் சின்னக் கழுத்து, கழுத்துப்பட்டி என்ற பொருளில் வருவது.

ஒரே அளவு, ஆயிரம் தடவை

கொலெட் வளர்ந்த இடம் கைக்கடிகாரத் தொழில். 1850இல் அமெரிக்காவில் ஏரன் டெனிசனும் எட்வர்ட் ஹோவர்டும் ஒரு கடிகாரக் கொம்பனி தொடங்கினார்கள். 1854இல் அது மசசூசெட்ஸில் உள்ள வோல்தம் ஊருக்குப் போனது. அவர்களுடைய யோசனை அந்தக் காலத்துக்குப் புதுசு. ஒவ்வொரு கடிகாரத்தையும் ஒரு கைவினைஞர் ராவி ராவிப் பொருத்துவதற்குப் பதிலாக, எந்தப் பாகத்தை எடுத்து எந்தக் கடிகாரத்தில் போட்டாலும் பொருந்தவேணும். அதற்கு ஒரே அளவுத் தண்டை ஆயிரம் தடவை, ஒரே மாதிரி, வேகமாகப் பிடிக்கணும். உள்ளே துளையுள்ள ஸ்பிண்டில், அதன் பின்பக்கத்தில் இருந்து ஒரு கம்பியால் கொலெட்டை உள்ளே இழுத்து இறுக்குவது என்ற அமைப்பை 1850களில் அங்கே வேலை செய்த சார்லஸ் மோஸ்லியின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள்.

அந்த அமைப்பில் இருந்து கடிகாரம் திருத்துகிறவர்களின் சின்ன லேத் வந்தது. அதன் கொலெட் 8 மில்லிமீற்றர் உடம்பு உள்ளது. மேலே எண் பொறித்திருக்கும். 10 என்றால் 1 மில்லிமீற்றர் தண்டு, 25 என்றால் 2.5 மில்லிமீற்றர். ஒரு எண்ணுக்கு ஒரு கொலெட். 1.3 தண்டை 1.2 கொலெட்டில் திணித்தால் கொலெட் கெட்டுவிடும். அதனால் பெட்டி நிறையக் கொலெட் வைத்திருக்கவேணும்.

அதே குடும்பத்தின் பெரிய அண்ணன் 5சி. 1890இல் சிகாகோவில் தொடங்கி, 1931இல் நியூயோர்க் மாநிலத்தின் எல்மைரா நகருக்குப் போன ஹார்டிஞ்ச் கொம்பனியின் கொலெட் அது. ஏறக்குறைய 27 மில்லிமீற்றர் வரை உள்ள உருண்டைத் தண்டைப் பிடிக்கும். அறுகோணம், சதுரம் பிடிக்கிற 5சி கொலெட்டும் உண்டு. உலகம் முழுக்க ஃபெக்டரிகளில் இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் அதன் குணமும் கடிகாரக் கொலெட்டின் குணம்தான்: எழுதியிருக்கிற அளவில் நன்றாகப் பிடிக்கும், அளவு கொஞ்சம் மாறினாலும் பிடிக்காது.

இதில் கவனிக்கவேண்டிய விசயம் ஒன்று உண்டு. இந்த இரண்டு கொலெட்டும் ஒரு தீர்மானத்தில் நிற்கின்றன. வரப்போகிற சாமான் எல்லாம் முன்கூட்டியே தெரிந்த அளவில் இருக்கும் என்பதுதான் அந்தத் தீர்மானம். புதுச் சாமான் செய்கிற இடத்தில் அது சரி. எங்கள் மலையில் அப்படியா இருந்தது?

ஸ்டோரின் பிடி

மலைநாட்டில் இரும்பு வேலை தேயிலைக்கு முன்பே வந்துவிட்டது. கோப்பிக் காலத்தில், 1854இல், ஜோன் வோக்கர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டியில் பட்டறை போட்டார். கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் இயந்திரத்தால் அந்தப் பெயர் பரவியது. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. சில வருடங்களில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். முதலில் கொழுந்தைக் கையால்தான் உருட்டினார்கள். பிறகு வில்லியம் ஜக்சனின் ரோலர் இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவில் இருந்த மார்ஷல் கொம்பனியில் இருந்து வந்தது. சாமுவேல் டேவிட்சனின் சிரொக்கோ உலர்த்தி பெல்பாஸ்டில் இருந்து வந்தது.

ஊவாவுக்கு இதெல்லாம் வந்து சேர்ந்த பாதையை நினைத்துப் பாருங்கள். ரயில் ஹப்புத்தளைக்கு 1893இல் வந்தது, பண்டாரவளைக்கு 1894இல். பதுளைக்கு வர 1924 ஆனது. ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதென்ன ஃபெக்டரியை லிப்டன் கட்டியது 1890இல். ரயிலே அப்போது அங்கே வரவில்லை. கப்பலில் கொழும்பு, அங்கிருந்து ரயில் போகிற தூரம் வரை ரயில், அதற்கு மேல் மாட்டு வண்டியும் ஆட்களின் தோளும்.

அப்படி வந்து சேர்ந்த ஒரு ரோலரில் ஏதாவது தேய்ந்தால் என்ன செய்வது? ரோலரில் கொழுந்தைப் போடுகிற பெரிய உருளைப் பெட்டியை மூன்று கிராங்குகள் தாங்கிச் சுழற்றுகின்றன. கிராங்கின் பின்னும் அதன் பித்தளை புஷ்ஷும் தேய்வது வழக்கம். கொழுந்து காத்திருக்காது. இன்றைக்குப் பறித்ததை இன்றைக்கே வாடப் போட்டு, நாளைக்கு உருட்டவேணும். கெயின்ஸ்பரோவுக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. பின்னைக் கடைந்து தேய்மானத்தை எடுத்துவிட்டு, அந்தப் பின்னுக்குப் பொருந்துகிற மாதிரி புது புஷ் கடைவார்கள். கடைந்த பிறகு அந்தப் பின் எந்தப் பட்டியலிலும் இல்லாத அளவு. பக்கத்துக் கிராங்கின் பின் இன்னொரு அளவு.

தாத்தாவிடம் நாங்கள் கேட்டோம், “ஸ்டோர்ல கொலெட் இருந்துச்சா தாத்தா?”

“எதுக்கு? ஒண்ணு மாதிரி ஒண்ணு வந்தாதானே.”

அவர் வேலை செய்த காலம் முழுக்க நான்கு தாடைச் சக்கும், கூர்முனைகளும், ஒரு பழைய டயல் கேஜும்தான். வோல்தமில் சாமான் அளவுக்கு வந்தது, ஆள் வேகமாக இருந்தால் போதும். எங்கள் ஸ்டோரில் சாமான் எந்த அளவிலும் வரும், அளவை ஆள்தான் கண்டுபிடிக்கணும். இரண்டாவதைச் சின்ன வேலை என்று யாரும் நினைக்கவேண்டாம். அதற்குத்தான் கூடுதல் கைத்திறன் வேணும்.

அந்தத் திறனுக்கு என்ன கிடைத்தது என்பதும் இந்த வரலாற்றில் சேர்த்தி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அரசாங்க வேலைக்குப் போவதற்குப் பிரஜையாக இருக்கணும். ரத்மலானை ரயில்வே வேர்க்சொப்பாக இருந்தாலும் அதே நிபந்தனைதான். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1988இலும் 2003இலும் புதுச் சட்டங்கள் என்று பிரச்சினை கட்டம் கட்டமாகத்தான் தீர்ந்தது. தாத்தா இதை ஒரே வரியில் சொல்லுவார். தனக்குப் பிரஜாவுரிமை கிடைக்கிறதுக்கு முந்தியே ரோலரைக் கழற்றிப் பூட்டத் தெரியும் என்று. ஜக்சன், டேவிட்சன், வோக்கர் பெயரெல்லாம் இயந்திரத்தின் மேலேயே வார்த்திருக்கிறது. நூறு வருடமாக அந்த இயந்திரத்தை ஓட வைத்தவர்களின் பெயரை நாங்கள் வீட்டில் கேட்டால்தான் தெரியும்.

வேலை செய்கிறவருக்கு எங்கள் பக்கம் ஒரு மரியாதைச் சொல் உண்டு: பாஸ். மேசன் பாஸ், லேத் பாஸ். ஒல்லாந்தர் மொழியில் இருந்து சிங்களத்துக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வந்த சொல். ஒல்லாந்தர் இந்த மலையை ஆண்டதில்லை, அவர்களுடைய சொல் மட்டும் ஏறி வந்திருக்கிறது. இன்றைக்கு வெலிமடையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் யாராக இருந்தாலும், கைவேலை தெரிந்தால் பாஸ்தான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு சுவிஸ் பிடி

அப்படியென்றால் கொலெட் எங்களுக்கு வேண்டாமா? அவசரப்படவேண்டாம். கதை இன்னும் முடியவில்லை.

சுவிற்சர்லாந்தில் ஃபிரிட்ஸ் வெபர் 1950இல் ரெகோ-ஃபிக்ஸ் கொம்பனியைத் தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில் அங்கிருந்து வந்ததுதான் ஈ.ஆர். கொலெட். பிறகு ஜெர்மனியின் டின் 6499 தரமாக ஆனது. இன்றைக்கு யாரும் செய்யலாம், யாருடைய கொலெட்டும் யாருடைய நட்டிலும் பொருந்தும். விலை இறங்கியதற்கும் இதுதான் காரணம்.

பழைய கொலெட்டில் பிளவு ஒரு பக்கத்தில் இருந்து மட்டும். ஈ.ஆரில் இரண்டு பக்கத்தில் இருந்தும் மாறி மாறிப் பிளந்திருக்கும். வெளியே ஒரு பக்கத்துக்கு 8 பாகை சாய்ந்த நீளமான கூம்பு. முன்பக்கம் நட் தள்ளுகிற சின்னக் கூம்பு 30 பாகை. இறுக்கும்போது வாய் மட்டும் மூடாமல் முழு நீளமும் சேர்ந்து சுருங்கும். அதனால் பெரும்பாலான அளவுகளில் ஒரே கொலெட் ஒரு முழு மில்லிமீற்றர் வரை சுருங்கிப் பிடிக்கிறது. 10 என்று எழுதியிருந்தால் 10இல் இருந்து 9 வரை எதையும் பிடிக்கும். 18 கொலெட் உள்ள ஒரு ஈ.ஆர். 32 செட், இடைவெளி இல்லாமல் 2இல் இருந்து 20 மில்லிமீற்றர் வரை பிடிக்கும்.

எங்களுக்கு இது ஏன் முக்கியம்? எங்கள் மலையில் இரண்டு அளவுமுறை கலந்து கிடக்கிறது. ஸ்டோரின் பழைய ஆங்கிலேய இயந்திரங்கள் அங்குலம். லேண்ட் மாஸ்டர், த்ரீவீல், தண்ணீர் பம்ப் எல்லாம் மில்லிமீற்றர். கடிகாரக் கொலெட் போலவோ 5சி போலவோ என்றால் இரண்டுக்கும் தனித்தனிச் செட் வாங்கணும். ஈ.ஆரில் கால் அங்குலம் என்றால் 6.35, அது 7 கொலெட்டில் பிடிபடும். அரை அங்குலம் 12.7, அது 13இல். முக்கால் அங்குலம் 19.05, அது 20இல். ஒரே மாதிரிச் சாமானுக்காகப் பிறந்த கொலெட், ஒன்று மாதிரி ஒன்று வராத பட்டறைக்குக் கிட்ட வந்தது இந்த இடத்தில்தான்.

எங்கள் கணக்கு

தாத்தா எங்களிடம் கேட்ட கேள்வி: “எதை எதைப் பிடிக்கப் போறீங்க? அதை மொதல்ல சொல்லுங்க.” பதில் தெரியவில்லை. அதனால் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம். மூன்று மாதம் வந்த வேலை எல்லாம், பிடித்த இடத்தின் அளவோடு. மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரின் பிஸ்டன் தண்டு, பம்ப் ஷாஃப்டுக்கு ஸ்லீவ், லேண்ட் மாஸ்டரின் பின், தையல் மெஷின் திருகு, ஸ்டோரில் இருந்து வந்த முக்கால் அங்குலப் பின். சின்னது 5 மில்லிமீற்றர். கொலெட்டில் பிடிக்கக் கூடியதில் பெரியது 19.05.

கொப்பி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது.

ஈ.ஆர். 25 மலிவு, சின்னது, எங்கள் லேத்துக்கு இலேசு. ஆனால் 16 மில்லிமீற்றரோடு நின்றுவிடும். முக்கால் அங்குலம் பிடிக்காது. ஈ.ஆர். 40 பெரியது, கனம். எங்கள் லேத் ஸ்பிண்டிலின் துளையே ஏறக்குறைய 20 மில்லிமீற்றர்தான். அதற்கு மேல் பிடித்தாலும் நீளத் தண்டு உள்ளே போகாது. 5சி கொலெட்டின் உடம்பே 31.75 மில்லிமீற்றர், எங்கள் ஸ்பிண்டிலுக்குள் போகவே போகாது. வெளியே தனிச் சக் வைத்துப் பூட்டலாம், ஆனால் சின்ன லேத்தில் அது முன்னுக்கு நீண்டு தொங்கும், பெயாரிங்குக்குப் பாரம். மிஞ்சியது ஈ.ஆர். 32.

அடுத்த கேள்வி, அதை லேத்தில் எப்படிப் பூட்டுவது? இரண்டு வழி. ஒன்று, ஸ்பிண்டிலின் உள்ளே இருக்கிற மோர்ஸ் 3 கூம்பில் செருகி, பின்னால் இருந்து நீளப் போல்ட்டால் இழுத்து இறுக்குவது. மலிவு, நடுவும் நன்றாக வரும். ஆனால் அந்தப் போல்ட் ஸ்பிண்டிலின் துளையை அடைத்துவிடும். ஒரு அடி நீளத் தண்டைப் பின்னால் விட்டு, நுனியை மட்டும் கடைந்து வெட்டி எடுக்க முடியாது. இரண்டாவது, மூன்று தாடைச் சக்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் தட்டோடு பூட்டுகிற ஈ.ஆர். சக். நடுவே துளை திறந்திருக்கும். எங்கள் கொப்பியில் பாதி வேலை நீளத் தண்டில் இருந்து வெட்டி எடுக்கிற வேலை. அதனால் இரண்டாவது.

விலையை யோசிக்காமல் இதைச் செய்யவில்லை. 2021இல் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அதற்கே எத்தனை போராட்டம். அடுத்த வருடம் ரூபா விழுந்து டொலர் 200இல் இருந்து 360ஐத் தாண்டியது. ஒரு செட் கொலெட் என்பது எங்கள் வீடுகளில் பல நாள் சம்பளம். பிழையானதை வாங்கினால் திரும்ப வாங்க முடியாது. அதே நெருக்கடியில்தான் இன்னொன்றையும் பார்த்தோம். இறக்குமதி கட்டுப்பட்டபோது பழைய சாமானைத் திருத்துகிற பட்டறைகளை எல்லோரும் தேடிப் போனார்கள்.

முழு செட்டும் ஒரே நாளில் வாங்கவேண்டியதில்லை. ஈ.ஆர். கொலெட் தனித்தனியாகவும் கிடைக்கும். கொப்பியைப் பார்த்து நாங்கள் முதலில் ஆறு கொலெட் வாங்கினோம். மிச்சக் காசில் ஒரு டயல் கேஜ்.

வாங்கிய பிறகு

வந்த தட்டை அப்படியே பூட்டினோம். டயல் ஊசி நூறில் மூன்று பங்கு ஆடியது. தட்டின் பொருந்துகிற முகத்தை எங்கள் லேத்திலேயே மெல்லிசாகக் கடைந்து, சக்கை மறுபடி பூட்டிய பிறகு ஒன்றரைப் பங்குக்கு இறங்கியது. பழைய பிரிண்டருக்குள் இருக்கிற பளபளப்பான உருக்குத் தண்டை எடுத்துப் பிடித்துச் சோதித்தோம். நல்ல நேரான தண்டு வேறெங்கும் தேடவேண்டாம். சக்கின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு தடவை, 50 மில்லிமீற்றர் தள்ளி ஒரு தடவை பார்க்கணும். வாயில் சரியாக இருந்து தள்ளி ஆடினால் தண்டு சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம்.

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை சில. கொலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து வைத்து, டக் என்று உட்காரும்வரை அமுக்கணும், அதற்குப் பிறகுதான் நட்டை லேத்தில் பூட்டணும். கொலெட்டைக் கூம்பில் வைத்து மேலே நட்டைத் திருகினால் கழற்றும்போது உள்ளேயே சிக்கிக்கொள்ளும், கொலெட்டும் நசியும். உள்ளே ஒன்றும் இல்லாமல் இறுக்கவே கூடாது. கறுப்புக் கம்பி, கொங்கிரீட் கம்பி இரண்டையும் கொலெட்டில் போடக் கூடாது, அது மூன்று தாடையின் வேலை. குட்டையான சாமானை வாயில் மட்டும் பிடித்தால் கொலெட் பின்பக்கம் சுருங்கிச் சாமான் சாயும். கொலெட்டின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே இருக்கணும். முடியாவிட்டால் அதே அளவுத் துண்டு ஒன்றைப் பின்னால் போட்டுப் பிடிக்கலாம். ஈ.ஆர். முதலில் வெட்டும் கருவிகளைப் பிடிக்கப் பிறந்தது, அதனால்தான் இந்தக் குறை. ஒவ்வொரு தடவையும் கூம்பைத் துணியால் துடைக்கணும். ஒரு சின்ன இரும்புத் தூள் போதும், சுவிஸ் துல்லியம் எல்லாம் வீண்.

நான்கு தாடைச் சக்கை நாங்கள் விற்கவில்லை. தேய்ந்த புஷ், கோணல் வார்ப்பு, 20 மில்லிமீற்றருக்கு மேல் உள்ள எதுவும் அதில்தான். யாராவது எங்களிடம் முதலில் கொலெட் வாங்கவா, நான்கு தாடை வாங்கவா என்று கேட்டால், நான்கு தாடையும் டயல் கேஜும் என்றுதான் சொல்வோம். கொலெட் அதற்கு அடுத்தது. என்ன வேலை வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிய பிறகு.

அந்தப் பம்ப் ஷாஃப்டை மறுபடி செய்தோம். பெயாரிங் உட்காரும் இடங்களை இரண்டு கூர்முனைக்கு நடுவே வைத்துக் கடைந்தோம். சீல் ஓடுகிற ஸ்லீவை மட்டும் கொலெட்டில் பிடித்துத் துளைத்தோம். ஓடுகிற பம்பின் மேல் தாத்தா கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எங்கள் கொப்பியைக் கேட்டு வாங்கி, முக்கால் அங்குலப் பின் என்று நாங்கள் எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டோரின் பெயரையும், அது எந்த ரோலரின் எந்தக் கிராங்க் என்பதையும் எழுதினார். “யாருக்குச் செஞ்சதுன்னு எழுதி வைங்க. செஞ்சது யாருன்னும் எழுதுங்க” என்றார்.

இப்போது அந்தக் கொப்பியில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, செய்தவரின் பெயரும் இருக்கிறது.